ரெண்டாயிரத்துக்குக் கைரேகை, பத்துக் கோடிக்கு ஒரு கவர்

தேர்தல் வந்தாலே பட்டணத்து நண்பர்கள்கிட்ட இருந்து ஒரு வசனம் வரும். "கிராமத்துக்காரன் ஐநூறுக்கும் ஆயிரத்துக்கும் ஓட்டை வித்துடறான், அப்புறம் நாடு எப்படிங்க உருப்படும்?" ஓட்டுக்குக் காசு வாங்கறது சரின்னு நான் வாதாட வரலை. தப்புதான். ஆனா அந்தக் காசு எங்கே கிளம்பி எங்க ஊர்த் திண்ணைக்கு வந்து சேருதுன்னு கேக்காம, கடைசியா வாங்கறவனை மட்டும் பிடிச்சுத் திட்டறீங்க பாருங்க, அது வாய்க்கால் மதகை உடைச்சவனை விட்டுட்டு, தண்ணி நிக்கிற வயலுக்குச் சொந்தக்காரனை அடிக்கிற கதை.

கட்சிக்குள்ள நடக்கற நாற்காலிச் சண்டை, கட்சிக்கு வர்ற நன்கொடை, இந்த ரெண்டும் டிவியில வேற வேற நாள்ல வர்ற வேற வேற செய்தி. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் படுது. கட்சி யார் காசுல ஓடுதோ, கட்சி அவங்களோடது. தொண்டன் காசுல ஓடாத கட்சியில, தலைவர் யாருன்னு தொண்டனை யாரும் கேக்க மாட்டாங்க. இதுதான் நான் சொல்ல வர்றது.

முதல்ல நாற்காலிக்கு வர்றேன்.

எங்க கோபி பக்கம் ரெட்டை இலைக்குத் தலைமுறையா ஓட்டுப் போடற குடும்பங்கள் நிறைய. 2016 டிசம்பர் 5 அன்னைக்கு ஜெயலலிதா இறந்தாங்க. அதுக்கு முன்னாடி மேடைக்கு மேடை "ஒன்றரைக் கோடித் தொண்டர்கள்"னு முழங்கின கட்சி. அவங்க போனதும் அந்த ஒன்றரைக் கோடிப் பேர்கிட்ட யாராவது "அடுத்து யாருப்பா?"ன்னு கேட்டாங்களா? 2017 பிப்ரவரி 7 ராத்திரி பன்னீர்செல்வம் மெரினாவுல சமாதி முன்னாடி கண்ணை மூடி உக்காந்தார். அதே ராத்திரி அவரோட பொருளாளர் பதவி பறிபோச்சு, திண்டுக்கல் சீனிவாசன் பொருளாளர் ஆனார். அந்த வாரமே பன்னீர்செல்வம் பேங்குகளுக்குக் கடிதம் எழுதறார்: நான்தான் பொருளாளர், என்னைத் தவிர யாரையும் கட்சிக் கணக்கைத் தொட விடாதீங்கன்னு.

அஞ்சு வருஷம் கழிச்சு, 2022 ஜூலை 11. பொதுக்குழு கூடி பழனிசாமியை இடைக்காலப் பொதுச்செயலாளர் ஆக்குது, பன்னீர்செல்வத்தைக் கட்சியை விட்டே நீக்குது. மறுபடியும் திண்டுக்கல் சீனிவாசன் பொருளாளர், மறுபடியும் பேங்குக்குக் கடிதம். அதே நாள் ராயப்பேட்டை தலைமை அலுவலகத்துல கல்வீச்சு, அடிதடி. வருவாய்த் துறை அதிகாரிங்க வந்து ஆபீசுக்குச் சீல் வெச்சுட்டுப் போனாங்க.

இதுல ஒண்ணைக் கவனிங்க. கொள்கை என்ன, விவசாயிக்கு என்ன செய்யப் போறோம்னு ஒரு வரி சண்டை உண்டா? பேங்க் கணக்கு, கட்டடத்துச் சாவி, சின்னம், இது மூணுக்கும்தான் சண்டை. பங்காளிங்க பாகப்பிரிவினை நடந்த மாதிரி நடந்தது. பாகப்பிரிவினையில பண்ணையாளுக்கு என்ன பேச்சு?

நடுவுல கூவத்தூர் ஒண்ணு இருந்துச்சே, மறந்திருக்க மாட்டீங்க. நூத்துக்கும் மேல எம்எல்ஏக்கள், பத்து நாள் போல, கடலோர சொகுசு விடுதி. டிவியில நீங்க யார் எந்தப் பக்கம்னு எண்ணிட்டிருந்தப்போ, எங்க ஊர் டீக்கடையில கேட்டது ஒரே கேள்வி: "பில்லை யாருங்க கட்டறது?" அது சிரிப்புக்குக் கேட்ட கேள்வி இல்லைங்க. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிஞ்சா, அன்னைக்குக் கட்சி யார் கையில இருந்துச்சுங்கறது தானாத் தெரிஞ்சுடும்.

எம்ஜிஆர் வகுத்த விதிப்படி பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர் எல்லாரும் சேர்ந்துதான் தேர்ந்தெடுக்கணும். விதி இன்னும் இருக்குது. ஆனா 2022ல அதோட ஒரு வால் ஒட்டிட்டாங்க: போட்டியிடறவரைப் பத்து மாவட்டச் செயலாளர் முன்மொழியணும், இன்னும் பத்துப் பேர் வழிமொழியணும். மாவட்டச் செயலாளரை நியமிக்கறது யாருங்க? தலைமை. அப்புறம் எவன் நிப்பான்? 2023 மார்ச்சுல ஒரே ஒரு ஆள் மனுப் போட்டு, போட்டியில்லாம ஜெயிச்சாச்சு. எங்க கோபியிலேயே, ஒம்பது தடவை எம்எல்ஏவா இருந்த செங்கோட்டையன் 2025 செப்டம்பர் 5ல, பிரிஞ்சவங்களைச் சேர்க்கணும், பத்து நாள் டைம்னார். மறுநாளே பதவி போச்சு, அக்டோபர் கடைசியில கட்சியை விட்டே நீக்கியாச்சு. அவர் சொன்னது சரியா தப்பாங்கறது வேற. அதைத் தீர்மானிக்க உறுப்பினருக்கு ஒரு ஓட்டுப் பெட்டி இருந்துச்சாங்கறதுதான் என் கேள்வி.

அதிமுகவை மட்டும் சொல்றேன்னு நினைக்காதீங்க. திமுகவுல 2018லயும் சரி, 2022லயும் சரி, தலைவர் போட்டியின்றித் தேர்வு. பாமகவுல 2025ல அப்பாவும் மகனும் ஆளுக்கொரு பக்கம் நான்தான் தலைவர்னு நின்னாங்க. சண்டை வந்தாலும் தொண்டனுக்கு வேலையில்லை, சண்டை வராட்டியும் தொண்டனுக்கு வேலையில்லை.

ஏன் இப்படி? இங்கதான் காசு வருது.

எங்க ஊர் மாரியம்மன் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி போடுவாங்க. குடிசைக்காரரும் மாடி வீட்டுக்காரரும் ஒரே வரி. அதுக்கு மேல தர்றவங்க பேரை மைக்ல படிப்பாங்க. நோம்பி முடிஞ்சதும் கோயில் திடல்ல உக்காந்து கணக்கு: பந்தலுக்கு இவ்வளவு, மைக்செட்டுக்கு இவ்வளவு, வாணவேடிக்கைக்கு இவ்வளவு. வரி கட்டின எவனும் எந்திரிச்சு "வாணத்துக்கு ஏன் இவ்வளவு ஆச்சு?"ன்னு கேக்கலாம். கேட்டு அடிதடி ஆன வருஷமும் உண்டு. ஆனா கேக்கலாம். ஏன்னா அது அவன் காசு.

கோயிலுக்கு டியூப் லைட் வாங்கித் தர்றவரைப் பாத்திருப்பீங்க. வெளிச்சம் மறையற அளவுக்கு அதுல பேரெழுதி வெச்சிருப்பார். இருநூறு ரூபா லைட்டுக்கே பேர் வேணுங்குது மனுச மனசு. அப்படியிருக்க, கோடிக்கணக்குல குடுத்துட்டு "என் பேர் வெளிய வரக் கூடாது"ன்னு ஒருத்தர் சொன்னா, அவர் அடக்கமானவர்னு நம்பச் சொல்றீங்களா?

தேர்தல் பத்திரம் அதுக்குத்தான் வந்துச்சு. 2017 நிதிச் சட்டத்துல நுழைச்சு, 2018 ஜனவரியில அமலுக்குக் கொண்டு வந்தாங்க. ஸ்டேட் பேங்க்ல 1,000 ரூபாயில இருந்து 1 கோடி வரைக்கும் பத்திரம் வாங்கிக் கட்சிக்குக் குடுக்கலாம், குடுத்தவர் பேர் மக்களுக்குத் தெரியாது. அதுவரைக்கும் ஒரு கம்பெனி தன்னோட மூணு வருஷச் சராசரி லாபத்துல ஏழரை சதவீதத்துக்கு மேல கட்சிக்குத் தர முடியாது. அந்த வரம்பையும் எடுத்துட்டாங்க. லாபமே இல்லாத கம்பெனியும் தரலாம்னு ஆச்சு. 2024 ஜனவரி வரைக்கும் வித்த பத்திரம் 16,500 கோடி ரூபாய்க்கு மேல.

2024 பிப்ரவரி 15ல உச்ச நீதிமன்றத்தோட அஞ்சு நீதிபதிகளும் ஒரே குரல்ல, இது அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு ரத்து பண்ணினாங்க. மார்ச் 6க்குள்ள விவரம் குடுன்னா, ஸ்டேட் பேங்க் ஜூன் 30 வரைக்கும் அவகாசம் கேட்டுச்சு. அதாவது தேர்தல் முடியட்டும். கோர்ட் அதட்டினதும் சில நாள்லயே எல்லாம் வந்துடுச்சு.

வந்த கணக்குல, 2019 ஏப்ரலுக்கு அப்புறம் மட்டும் பாஜகவுக்கு 6,060 கோடி போல. திமுகவுக்கு மொத்தம் 656 கோடிச் சொச்சம், அதுல 509 கோடி கோயமுத்தூர் மார்ட்டினோட ப்யூச்சர் கேமிங் கம்பெனி குடுத்தது. நாட்டுலயே அதிகமாப் பத்திரம் வாங்கினது அந்தக் கம்பெனிதான், 1,368 கோடி. அது லாட்டரிக் கம்பெனி. லாட்டரி எங்க ஊரை என்ன பண்ணுச்சுன்னு எங்களுக்குத் தெரியும். சனிக்கிழமைக் கூலி வீட்டுக்கு வராது, சீட்டாத்தான் வரும். 2003 ஜனவரியில தமிழ்நாட்டுல லாட்டரியைத் தடை பண்ணினப்போ கையெடுத்துக் கும்பிட்ட பொம்பளைங்க உண்டு. தடை இருக்கற மாநிலத்துல, ஒரு லாட்டரிக் கம்பெனி ஒரு கட்சிக்கு எதுக்காக 509 கோடி குடுத்துச்சு? காரணம் நல்லதாகூட இருக்கட்டும். ஆனா ஓட்டுப் போடப் போறப்போ எனக்கு அது தெரிஞ்சிருக்க வேண்டாமா?

நியாயத்தையும் சொல்லணும். குடுத்தவங்க யாருன்னு தேர்தல் கமிஷன்கிட்ட பேரோட எழுதிக் குடுத்த சில கட்சிகள்ல திமுகவும் அதிமுகவும் உண்டு. சிபிஎம் பத்திரமே வேண்டாம்னு சொல்லி, கோர்ட்லயும் நின்னு வாதாடுச்சு. பீகார்ல ஐக்கிய ஜனதா தளம் என்ன சொல்லுச்சு தெரியுமா? 2019 ஏப்ரல்ல பாட்னா ஆபீஸ்ல யாரோ ஒருத்தர் ஒரு கவரைக் குடுத்துட்டுப் போனாங்களாம், பிரிச்சுப் பாத்தா கோடி ரூபாப் பத்திரம் பத்து இருந்துச்சாம். யாருன்னு விசாரிக்கலையாம்!

இப்போ எங்க கணக்கைப் பாருங்க. பிரதமர் கிசான் திட்டத்துல நாலு மாசத்துக்கு ஒருக்கா 2,000 ரூபா வருது. அந்த ரெண்டாயிரத்துக்கு ஆதார், பட்டா, பேங்க் இணைப்பு, கைரேகை, இப்போ தனியா ஒரு விவசாயி அடையாள எண். வயல்ல வேலை செஞ்சு ரேகை தேஞ்ச பெரியவங்க, மெஷின் ஏத்துக்காம மூணு தடவை நடக்கறாங்க. அதே 2,000 ரூபாய் வரைக்கும் ஒரு கட்சி யார்கிட்ட வேணாலும் ரொக்கமா வாங்கலாம். 20,000 வரைக்கும் குடுத்தவர் பேரைத் தேர்தல் கமிஷனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாங்கற காசுக்கு வரியும் கிடையாது. தேர்தல் நேரத்துல ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தையில மாட்டை வித்துட்டு 50,000க்கு மேல கையில வெச்சிருந்தா, பறக்கும் படை மடக்கி ரசீது கேக்கும். மாட்டுக்கு எவன் ரசீது தர்றான்? அதே நேரத்துல அரவக்குறிச்சி, தஞ்சாவூர், ஆர்.கே. நகர், வேலூர்னு காசு ஆறா ஓடித் தேர்தலையே ரத்து பண்ண வேண்டி வந்துச்சு. பிடிபடறது மாட்டுக்காரன், தப்பறது லாரி.

"பேர் வெளிய வந்தா ஆளுங்கட்சி பழி வாங்கும், அதனாலதான் ரகசியம்"னு ஒரு வாதம் உண்டு. பத்திரம் வித்தது அரசாங்க பேங்க். ஒவ்வொரு பத்திரத்துலயும் கண்ணுக்குத் தெரியாத நம்பர் ஒண்ணு இருந்துச்சு, புற ஊதா வெளிச்சத்துல தெரியும். யாருக்குப் பயந்து மறைச்சதாச் சொன்னாங்களோ அவங்க கைக்கு எட்டற இடத்துலதான் விவரம் இருந்துச்சு. தெரியாம இருந்தது நமக்கு மட்டும்தான். பத்திரம் ஒழிஞ்ச பொறவும் கதை முடியலை. தேர்தல் அறக்கட்டளைன்னு இருக்குது. பல கம்பெனி அதுல போடும், அது பல கட்சிக்குப் பிரிச்சுக் குடுக்கும். யார் காசு யாருக்குப் போச்சுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது, பல ஊர்ப் பாலை ஒரே டேங்கர்ல ஊத்தின மாதிரி.

பட்டணத்து நண்பர்களே, படிச்சவங்க நீங்க. எங்களுக்குப் புத்தி சொல்றதுக்குப் பதிலா இதைக் கேளுங்க. எந்தக் கட்சிக்கு யார் எவ்வளவு குடுத்தாலும், ஓட்டுப் போடற நாளுக்கு முன்னாடியே பேரோட வெளிய வரணும், 20,000 சலுகை போகணும். ஒரு வேட்பாளருக்குச் சட்டமன்றத் தொகுதியில 40 லட்சம்னு உச்சவரம்பு இருக்கற மாதிரி, கட்சி செய்யற செலவுக்கும் வேணும். இப்போ அதுக்கு எல்லையே இல்லை. 2013லயே மத்திய தகவல் ஆணையம், ஆறு தேசியக் கட்சிகளும் தகவல் உரிமைச் சட்டத்துக்குள்ள வரும்னு தீர்ப்பு சொல்லுச்சு. ஒண்ணுக்கொண்ணு ஆகாத கட்சிங்க அதை மதிக்காம இருக்கறதுல மட்டும் ஒத்துமையா இருக்குதுங்க. அதையும் கேளுங்க. கட்சித் தலைமைக்கு நடக்கற தேர்தல்ல உறுப்பினர் ஓட்டுப் போடறதை வெளி ஆள் ஒருத்தர் மேற்பார்வை பாக்கணும்.

உங்க வீட்டுக்கு ஓட்டுக் கேட்டு வர்ற வேட்பாளர்கிட்ட ரோடு, தண்ணி, குப்பை எல்லாம் கேளுங்க. கூடவே ரெண்டு கேள்வி: "உங்க கட்சிக்குக் காசு குடுக்கறது யாரு? உங்க தலைவரைத் தேர்ந்தெடுத்தது யாரு?" நாங்க இங்க கேப்போம். நீங்களும் அங்க கேட்டீங்கன்னா, ரெண்டு பக்கமும் பதில் சொல்லாம எத்தனை நாளைக்கு நழுவ முடியும்?