முதலில் மரம், பின்னரே மின்சாரம்

சென்ற திங்கள் நம் மன்றத்தின் செயற்குழு கூடியது. ஆண்டு விழாவில் மிஞ்சிய தொகையை என்ன செய்வது என்பது அன்றைய கேள்வி. பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டு வாங்கலாம் என்று பலர் கூறினர். பழைய வீணை ஒன்றை வாங்கிப் பழுது பார்த்து வைக்கலாம் என்று நான் ஒருவன் கூறினேன். சிலர் நகைத்தனர். "வீணையை வாங்கி வைத்தால் யாருக்குக் கேட்கும்?" என்றார் ஒரு நண்பர். முடிவு அடுத்த கூட்டத்திற்குத் தள்ளி வைக்கப்பட்டது. அதற்குள் என் பக்கத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

நண்பர் கேட்டது நல்ல கேள்வி. வீணையின் குரல் மெல்லியது. யாரும் மறுக்க முடியாது. 1938இல் மறைந்த வீணை தனம்மாள், சென்னை ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். கேட்க வந்தவர்கள் மூச்சையும் அடக்கிக்கொண்டு அமர்ந்திருப்பார்கள். அங்கே ஒலிபெருக்கி இல்லை. ஆனால் அங்கே ஆயிரம் பேரும் இல்லை. நம் சித்தூரின் பெயரை இசையுலகில் நாட்டிய சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் ஆசிரியர் காஞ்சிபுரம் நாயனா பிள்ளை. மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் எனப் பக்கவாத்தியங்கள் புடைசூழ, தம் குரல் ஒன்றையே துணையாகக் கொண்டு பாடியவர் அவர். அத்தகைய மேடையில் வீணையை வைத்தால் என்னவாகும்? வெள்ளத்தில் விட்ட அகல்விளக்குப் போலாகும்.

குரல் மெலிந்த கருவிக்கு நேரக்கூடிய கதியைத் தமிழர் அறிவோம். யாழ் இருந்தது, இன்று நம் வீடுகளில் இல்லை. சிலப்பதிகாரத்தில் படிக்கிறோம், விபுலானந்த அடிகள் 1947இல் வெளியிட்ட யாழ் நூலில் அதன் இலக்கணத்தைத் தேடுகிறோம். ஏட்டில் இருக்கும் இசை காதுக்கு எட்டுமா? ஆகையால், வீணைக்கு மின்சாரத்தின் துணை கூடாது என்று சொல்பவன் அல்லன் நான். கேளாத கருவி வாழாது. ஆனால் எதை முதலில் வைப்பது, எதைப் பின்னர் வைப்பது என்பதில் நாம் தடுமாறுகிறோம். அந்தத் தடுமாற்றத்திற்கு நானே விலை கொடுத்திருக்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. திருப்பதியில் வீணை கற்கத் தொடங்கியிருந்தேன். சொந்தமாக ஒரு கருவி வேண்டும் என்ற ஆசை. புதிய தஞ்சாவூர் வீணையின் விலை கைக்கு எட்டவில்லை. சித்தூரில் ஒரு வீட்டில் பழைய வீணை விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறி, எழுபது கிலோமீட்டர் கடந்து, அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன்.

விற்பவர் அன்பானவர். காப்பி கொடுத்தார். வீணையின் பலகையில் காண்டாக்ட் மைக் ஒட்டியிருந்தது. அதன் வயர் ஒரு பெட்டியில் போய்ச் சேர்ந்தது. "கேளுங்க தம்பி, கோயில் மண்டபமே நிறைஞ்சுடும்" என்றார். மீட்டினேன். வீடு அதிர்ந்தது. எனக்கு உடல் சிலிர்த்தது. 16,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். வீணையைக் குழந்தைபோல் மடியில் கிடத்திக்கொண்டு திருப்பதி திரும்பினேன்.

அன்று இரவு விடுதி அறையில், பெட்டி ஏதும் இல்லாமல், வெறும் வீணையை மீட்டினேன். தட்டினால் மரப்பெட்டி எழுப்பும் ஓசை எப்படியோ, அப்படி இருந்தது. ஒலி எழுந்த கணமே செத்தது. மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தேன். குடமும் தண்டியும் சேரும் இடத்தில் ஒரு விரிசல்; அதன்மேல் புதுப் பாலிஷ். குதிரையின்மேல் இருக்கும் உலோகத் தகடு அரக்கு விட்டு ஒருபுறம் எழும்பியிருந்தது. 24 மெட்டுகளில் சில, வெயிலுக்கு இளகிய மெழுகில் அமிழ்ந்து கிடந்தன. என் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "வாங்கும்போது வயரைக் கழற்றச் சொன்னாயா?"

நான் சொல்லவில்லை. அந்த ஒரு சொல் சொல்லாததற்கு, பழுது பார்ப்பவரிடம் மேலும் 5,500 ரூபாய் கொடுத்தேன். விரிசலை ஒட்டி, தகட்டைப் புதிய அரக்கில் அமர்த்தி, மேளம் கட்டித் தந்தார். பதினைந்து நாள் ஆயிற்று. பிறகு வீணை பேசியது. அறையின் மறுகோடியில் படித்துக்கொண்டிருந்த என் அறைத்தோழன் புத்தகத்தை மூடி வைத்தான். அன்று எந்த வயரும் இல்லை.

அந்தத் தகட்டில் அப்படி என்ன இருக்கிறது? இயற்பியல் படிக்கும் நண்பர்கள் கேட்கட்டும். ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியைக் கணுவாக உடைய மேற்சுரங்கள் எழக்கூடாது என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோர் பெயரால் வழங்கும் விதி. நம் திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் வீணையையும் தம்புராவையும் ஆராய்ந்தார். இவற்றில் எழக்கூடாத மேற்சுரங்களும் எழுகின்றன என்று 1921இல் எழுதினார். காரணம் குதிரையின் அமைப்பு. வளைந்த அகன்ற தகட்டின்மேல் தந்தி தொட்டும் தொடாமலும் அதிர்கிறது; அதனால் ஒலி செழிக்கிறது, நீள்கிறது. எந்த மின்பெட்டியும் இதை உண்டாக்குவதில்லை. ஒரு கைவினைஞர் அரத்தால் தேய்த்துத் தேய்த்துக் காதால் கேட்டு உண்டாக்குகிறார். மின்பெட்டி இருப்பதைப் பெரிதாக்கும், இல்லாததைப் படைக்காது. இல்லாத குரலைப் பெரிதாக்கினால் கிடைப்பது பெரிய இன்மை.

இது வீணைக்கு மட்டும் உரிய செய்தி என்று எண்ண வேண்டாம். பெங்களூரில் ஜாஸ் வாசிக்கும் நண்பன் ஒருவன் எனக்கு உண்டு. அவனுடைய கருவி டபிள் பேஸ். ஆளைவிட உயர்ந்த பிடில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நின்றுகொண்டு, விரலால் சுண்டி வாசிப்பார்கள். அதன் அடித்தந்தியின் சுருதி நொடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வு. காதைவிட நெஞ்சுக்கு முதலில் கேட்கும். அத்தனை பெரிய உடம்பு இருந்தும், முரசும் எக்காளமும் முழங்கும் ஜாஸ் குழுவில் அதன் குரல் அமிழ்ந்துவிடும். வீணையின் துன்பமே அதன் துன்பமும்.

அவர்கள் என்ன செய்தார்கள்? முதலில் விரலை வலுப்படுத்தினார்கள். குடல் நரம்புத் தந்திகளை உயரத் தூக்கிக் கட்டி, ஓங்கிச் சுண்டினார்கள். 1940களில் அமெரிக்காவில் எவரெட் ஹல் என்பவர் பேஸின் ஊன்றுகாலுக்குள் ஒலிவாங்கியைப் புகுத்தினார். ஆம்பெக் என்ற நிறுவனம் அவ்வாறு பிறந்தது. 1951இல் ஃபெண்டர் நிறுவனம் மரக்குடமே இல்லாத மின்பேஸைக் கொண்டுவந்தது. பிறகு எஃகுத் தந்திகள் பரவின. குதிரையில் பொருத்தும் பிக்கப்புகள் பரவின. ஓங்கிச் சுண்ட வேண்டிய தேவை போயிற்று. தந்தியைத் தாழ்த்திக் கட்டினார்கள். விரல் வேகம் பெற்றது. ஆனால் 1970களின் இசைத்தட்டுகள் பலவற்றில் மரத்தின் ஒலியைக் காணோம், ரப்பரை இழுத்து விட்டதுபோல் இருக்கிறது என்று கேட்டவர்கள் குறைப்பட்டார்கள். பின்னர் பலர் கருவிக்கு முன்னால் மைக்கை வைக்கும் பழைய முறைக்கே திரும்பினார்கள். சிலர் குடல் நரம்புக்கும் திரும்பினார்கள்.

என் நண்பன் பழைய பேஸ் வாங்கப் போனால், முதலில் பெட்டியை அணைக்கச் சொல்வானாம். பிறகு வேறொருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, அறையின் மறுமூலையில் போய் நின்று கேட்பானாம். "வாசிப்பவன் காதுக்கு எல்லாக் கருவியும் நன்றாகத்தான் இருக்கும், எட்ட நின்று கேட்டால்தான் உண்மை தெரியும்" என்றான். கடல் கடந்த கருவியைக் கையாளும் அவனும், திருப்பதியில் வீணை கற்பிக்கும் என் ஆசிரியரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. இருவரும் சொன்னது ஒன்றே.

விற்பவர்க்கும் ஓர் அறம் உண்டு. சென்ற ஆண்டு நான் அந்தப் பழைய காண்டாக்ட் மைக்கை விற்றேன். அதன் முனையில் தொட்டால் இரைச்சல் வரும். வாங்க வந்த மாணவனிடம் அதைச் சொன்னேன். 300 ரூபாய் குறைத்துக் கொடுத்தான். நட்டம்தான். ஆயினும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலைமையைப் போற்றும் பட்டினப்பாலையைத் தேர்வுக்கு மட்டும் படித்தால் போதுமா? கருவி விற்பவர் விரிசலை மறைத்தால், ஏமாறுவது பணம் மட்டுமன்று. தனக்குத்தான் வாசிக்க வரவில்லை போலும் என்று எண்ணி, கற்பவன் கருவியையே விட்டுவிடுவான். நானும் அந்தப் பதினைந்து நாளில் விட்டுவிட நினைத்தவன்தான்.

இனி மேடைக்கு வருவோம். சென்ற ஆண்டு விழாவில் நான் வாசித்தது உங்களுக்கு நினைவிருக்கும், மறந்திருந்தால் மகிழ்வேன். காண்டாக்ட் மைக்கின் வயரை மைக் செட்காரர் நேரே தம் கருவியில் செருகினார். தகரத்தைச் சுரண்டுவதுபோல் ஒலி வந்தது. விரல் தந்தியில் உரசும் கீச்சொலி சுரத்தைவிட ஓங்கியது. அவர் ஒலியைக் கூட்டினார். பெட்டி ஊளையிட்டது. அரங்கம் சிரித்தது.

அவர்மீது குற்றமில்லை; எனக்கும் அன்று தெரியாது. காண்டாக்ட் மைக்கில் இருப்பது அழுத்தத்தை மின்னாக்கும் சிறு படிகம். அதன் மின்தடுப்பு மிகுதி. ஆகையால் பத்து லட்சம் ஓமுக்குக் குறையாத உள்ளீட்டுத் தடுப்பு உடைய ப்ரீ-ஆம்ப் ஒன்று இடையில் வேண்டும். இல்லையேல் கீழ்ச்சுரங்கள் தேய்ந்து, மெலிந்த ஒலியே மிஞ்சும். பெட்டியை வாசிப்பவரை நோக்கி வைத்தால், அதன் ஒலி குடத்தை அதிரச் செய்யும், அந்த அதிர்வு மைக்கில் ஏறி மீண்டும் பெட்டிக்குப் போகும், அதுவே ஊளை. பெட்டியை வாசிப்பவருக்கு முன்னால், அவையை நோக்கித் திருப்பி வைக்க வேண்டும். வேண்டாத அடியதிர்வைக் குறைக்க வேண்டும். இவை அத்தனையும் பெருஞ்செலவு அல்ல, சிறு கவனம்.

இவ்வாண்டு பொங்கல் விழாவில் அப்படியே செய்தோம். வீணைக்கு முன் ஒரு சாதாரண மைக். துணைக்குச் சிறிய ப்ரீ-ஆம்ப். ஒலியைப் பாதியாகக் குறைத்தோம். முதல் இரண்டு நிமிடம் அவையில் பேச்சுச் சத்தம். பிறகு அடங்கியது. ஓங்கி ஒலித்தால் மக்கள் அதைவிட ஓங்கிப் பேசுவார்கள். மெல்ல ஒலித்தால் காது கொடுப்பார்கள். கடைசி வரிசையில் நின்றிருந்த விடுதிச் சமையல்காரர் பந்தியில் என்னிடம் சொன்னார்: "தம்பி, வீணைன்னா என்னன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"அப்படியானால் மைக் வேண்டும் என்று நீயே ஒப்புக்கொள்கிறாய், பெட்டி வாங்குவதில் என்ன தவறு?" என்று நண்பர் கேட்கலாம். தவறில்லை. ஆனால் பெட்டி வாடகைக்குக் கிடைக்கும். திருப்பதியில் எந்தத் தெருவிலும் கிடைக்கும். பழகுவதற்கு ஒரு நல்ல வீணை வாடகைக்குக் கிடைக்குமா? நம் மன்றத்தில் இசை கற்க விரும்பும் மாணவர் பலர். கருவி வாங்க இயலாதவரே அவருள் மிகுதி. தேவஸ்தானம் 1959இல் தொடங்கிய இசைக் கல்லூரி இவ்வூரிலேயே இருக்கிறது. நம் சுப்பிரமணிய பிள்ளை முதல்வராய் இருந்த இடம் அது. ஆசிரியர் உண்டு, ஆர்வம் உண்டு, கருவிதான் இல்லை. பேசும் பொருள் இல்லாதவனுக்கு இரண்டு ஒலிபெருக்கிகளை வாங்கிக் கொடுப்பது அறிவுடைமை ஆகுமா?

ஆகவே அடுத்த கூட்டத்தில் நான் முன்மொழியப் போவது இது. மிஞ்சிய தொகையில் பழைய வீணை ஒன்றை வாங்குவோம். வயரைக் கழற்றி, எட்ட நின்று கேட்டு, பிடித்தால் வாங்குவோம். ஒரு பங்கை மேளம் கட்டவும் தந்தி மாற்றவும் ஒதுக்கி வைப்போம். திருப்பதிக் கோடையில் மெழுகு இளகாத ஆண்டு இல்லை. மிகுந்ததில் ஒரு ப்ரீ-ஆம்ப். பெட்டி தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுப்போம். வீணையை விடுதி நூலகத்தில் புத்தகம் போல் பதிவேட்டில் ஏற்றி, வாரத்திற்கு ஒருவராக எடுத்துப் பழகுவோம்.

"யாருக்குக் கேட்கும்?" என்று கேட்ட நண்பரே, முதலில் எடுத்துச் செல்லும் உரிமை உமக்கே. ஒரு வாரம் உம் அறையில் வைத்து மீட்டிப் பாரும். உமக்குக் கேட்டால் போதும். ஊருக்குக் கேட்கச் செய்யும் வழியைப் பிறகு இருவரும் சேர்ந்து பார்ப்போம்.