உரியவர் கையில்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், தமிழும் மலையாளமும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் ஊர். பின்னணிப் பாடகி பி. லீலா 1934 மே 19 அன்று அங்கு பிறந்தார். அவருடைய பாடல்கள் இன்றும் நம் காதில் விழுகின்றன. ஆனால் பாடியவர் பெயரை இளையோர் பலர் அறியார்.

சிறுமியாகச் சென்னை சென்று கர்நாடக இசை பயின்ற லீலா, ‘கங்கணம்’ என்னும் தமிழ்ப் படத்தில் பின்னணி பாடத் தொடங்கினார். அப்போது அவருக்குத் தமிழ் தெரியாது. வரிகளை மலையாள எழுத்தில் எழுதிவைத்து, உச்சரிப்பைப் பழகிப் பாடினார். 1948இல் வெளிவந்த ‘நிர்மலா’ படத்தின் வழியாக மலையாளத் திரையின் முதல் பின்னணிப் பாடகர்களுள் ஒருவரானார். ‘மிஸ்ஸியம்மா’ (1955), ‘மாயா பஜார்’ (1957) ஆகியவை தொடர்ந்தன. ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ (1958) படத்தில் ஜிக்கியுடன் அவர் பாடிய போட்டிப் பாடலைக் கேட்பவர், தமிழ் அவருடைய தாய்மொழி அன்று என்றால் நம்பமாட்டார்.

அகில இந்திய வானொலி திரையிசையை ஒதுக்கிவைத்த 1950களில் இலங்கை வானொலியும், 1957 அக்டோபர் முதல் விவித் பாரதியும் இத்தகைய குரல்களை வீடுதோறும் சேர்த்தன. பாடல் எத்தனை முறை ஒலித்தாலும், பாடியவருக்கு ஒலிப்பதிவன்று பெற்ற ஊதியமே பெரும்பாலும் வருவாய். வணிகப் பயன்பாட்டில் பாடகருக்கும் உரிமைத்தொகை உண்டு என்பதை 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டமே தெளிவாக்கியது. லீலா 2005 அக்டோபர் 31 அன்று மறைந்தார். மாநில விருதுகள் வாழ்நாளிலேயே வந்தன. பத்மபூஷண் 2006இல், மறைவுக்குப் பின் வந்தது.

புகழே கலைஞருக்குப் போதும் என்பாருண்டு. புகழைக் கொண்டு மருந்துக்கடைப் பற்றுச்சீட்டைத் தீர்க்க இயலாது. வைப்புநிதியின் முதிர்வுத்தொகையை வாரிசிடம் வழங்கும் நாள்களில் வங்கியாளராகிய நாம் ஒன்றை உணர்கிறோம்: கணக்கு சரியாகவே இருக்கும், மனம் மட்டும் நிறைவதில்லை. உரியவர் கையால் பெற்றிருக்க வேண்டிய தொகையல்லவா அது!

நம் ஊர்த் திருவிழாக்களில் பாடுவோரும் வாசிப்போரும் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் பெயரை அழைப்பிதழில் அச்சிடுவோம். பேசிய சன்மானத்தை அன்றே அவர்கள் கணக்கில் சேர்ப்போம். பழைய பாடலை ஒலிபரப்பும்போது பாடியவர் பெயரையும் சொல்வோம். பொன்னாடை பிறகு வரட்டும். உரிய தொகை முதலில் சேரட்டும்.