ஏன் என்று கேளுங்கள், அவர்கள் ஓய்வு பெற முதல்

இங்கே வில்லிலும் பக்கத்து உட்ஸ்விலிலும் தகவல் தொழில்நுட்பத்தில் லேரெ செய்கிற தம்பி தங்கைகளுக்கு இது பழகின காட்சியாக இருக்கும். ட்ஸ்நூனி நேரம். மேசையின் ஒரு மூலையில் அறுபது தாண்டிய இரண்டு பேர் கோபோல் காலத்துக் கதை கதைத்துக்கொண்டிருப்பார்கள். துளை அட்டைப் பெட்டி கைதவறி விழுந்து, அட்டை அட்டையாகத் திரும்ப அடுக்கின கதை. ஒரு முற்றுப்புள்ளி இடம் மாறியதால் மாதச் சம்பளக் கணக்கே குழம்பிய கதை. இளையவர்கள் கைத்தொலைபேசிக்குள் தலையை விட்டிருப்பார்கள்.

அந்தத் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுங்கள் என்கிறேன். பழைய காலம் இனிமையானது என்பதற்காகச் சொல்லவில்லை. அவர்களுடைய தலைக்குள் இருக்கிற சில விஷயங்கள் வேறு எங்கும் எழுதப்படவில்லை.

கோபோல் என்ற பெயரைக் கேட்டால் யாரோ கோபால் மாமா மாதிரி இருக்கும். ஆனால் 1959இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவோடு கூடிய ஒரு குழு உருவாக்கத் தொடங்கிய மொழி அது. கிரேஸ் ஹாப்பர் அதற்கு முன்னரே உருவாக்கியிருந்த ஃப்ளோ-மேட்டிக் அதற்கு வழிகாட்டியாக இருந்தது. கணக்காளரும் வாசித்து விளங்கவேண்டும் என்பது நோக்கம். 'இதை அதோடு கூட்டு', 'இதை அங்கே நகர்த்து' என்று வசனமாகவே எழுதி முற்றுப்புள்ளி வைப்பார்கள். கணினி விஞ்ஞானிகள் பலர் அதை மதிக்கவில்லை. அதைக் கற்பிப்பதே குற்றம் என்கிற அளவுக்கு 1975இல் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா எழுதினார்.

காசுக் கணக்குக்கு அது பொருத்தமான மொழிதான். பைத்தனைத் திறந்து 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். கோபோலில் எண்ணைத் தசமமாகவே வைத்து, புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் என்பதை முதலிலேயே அறிவித்துவிடலாம். ஒரு ராப்பனும் பிசகாது. வங்கியிலும் காப்புறுதியிலும் அது இன்னும் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மொழியைப் படிப்பது பெரிய வேலை இல்லை. கெட்டிக்காரப் பிள்ளைக்குச் சில கிழமைகள் போதும். 2023இல் ஐபிஎம் நிறுவனமே கோபோலை ஜாவாவாக மாற்ற உதவும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை அறிவித்துவிட்டது. ஆனால் அப்படிப்பட்ட கருவி ஒரு வரி என்ன செய்கிறது என்று சொல்லும். அந்த வரி ஏன் எழுதப்பட்டது என்று அதற்குத் தெரியாது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 2008 ஜூலைக்கு முன் சுவிஸில் ஆஹாஃபவ் எண் 11 இலக்கம் கொண்டது. முதல் 3 இலக்கங்கள் குடும்பப் பெயரிலிருந்து வந்தன. அடுத்த 2 பிறந்த ஆண்டு. அதற்கடுத்த 3 இலக்கங்களில் ஆணா பெண்ணா என்பதும் பிறந்த நாளும் அடங்கியிருந்தன. எண்ணைப் பார்த்தே ஆளின் வயதைச் சொல்லலாம். பிறகு 756 என்று தொடங்கும் 13 இலக்க எண் வந்தது. அதை வைத்து ஆளைப் பற்றி ஒன்றும் அறிய முடியாது.

நான் வேலை செய்த ஓர் இடத்தில், பழைய 11 இலக்க எண்ணைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்க்கிற பகுதி ஒன்று நிரலுக்குள் இருந்தது. பக்கத்தில் ஒரேயொரு குறிப்பு: நீக்க வேண்டாம். ஏன் என்று கையேட்டில் இல்லை, குழுவிலும் ஒருவருக்கும் தெரியாது. ஓய்வு பெற்ற ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். எண் மாற முதலே நாட்டைவிட்டுப் போனவர்களின் கோப்புகள் அங்கே பழைய எண்ணோடேயே இருக்கின்றனவாம். அவர்களில் ஒருவர் என்றைக்காவது தன் காசைக் கேட்டு எழுதினால், அவரைக் கண்டுபிடிப்பது அந்தப் பகுதிதான்.

இங்கே சில வருடம் உணவகச் சமையலறையில் நின்றுவிட்டுக் கனடாவுக்குப் போன சித்தப்பா உங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறார்? அப்படி ஒருவருடைய காசு, 'இது பழசு, தூக்கிவிடுவோம்' என்று யாரோ சொல்கிற ஒரு பகுதியில் தங்கியிருக்கலாம். அதனால்தான் இந்தக் கதைகளை வெறும் அரட்டை என்று நான் நினைப்பதில்லை.

இது சுவிஸ்காரரின் பழங்கதை மட்டுமில்லை. 1980களின் இறுதியில் சுவிஸின் பங்குப் பத்திரங்களைக் கைமாற்றிக் கணக்குத் தீர்க்கும் செகோம் என்ற அமைப்பை, செகா என்ற சுவிஸ் நிறுவனத்துக்காகச் செய்து கொடுத்தது இந்தியாவின் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ். எங்கட அப்பாமார் அகதி விண்ணப்பத்தோடு வந்து இறங்கிய அதே காலம். பிறகு ஒய்டூகே வந்தது. இடத்தை மிச்சம் பிடிக்க ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதிய பழக்கம், 2000ஆம் ஆண்டைக் கணினி 1900 என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்தாக மாறியது. அதைத் திருத்தச் சென்னையிலும் பெங்களூரிலும் இளம் பொறியியலாளர்கள் அடுத்தவர் எழுதிய கோபோலை வரிவரியாக வாசித்தார்கள். அவர்கள் இப்போது ஐம்பதைத் தாண்டுகிறார்கள். சூரிச் அலுவலகங்களில் அவர்களில் சிலரைச் சந்திக்கலாம். 'அண்ணா, அப்ப என்ன நடந்தது?' என்று தமிழிலேயே கேட்கிற வசதி உங்களுக்கு இருக்கிறது.

அதற்காக அவர்கள் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று தலையாட்டவும் வேண்டாம். 'நாங்கள் எழுதினது இன்னும் ஓடுது' என்பதில் பெருமை இருக்கிறது. தொடப் பயந்து விட்டுவைத்ததும் அதே மாதிரித்தான் ஓடும். தன்னை விட்டால் ஆளில்லை என்று இருக்கவேண்டும் என்பதற்காகவே எழுதி வைக்காதவர்களும் உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் பெயர் கடிதத்தில் பாதியில் வெட்டுப்பட்டு வந்திருக்கிறதா? பழைய நிரல்களில் பெயருக்கு இத்தனை எழுத்து என்று இடத்தை அளந்து ஒதுக்குவார்கள். மெய்யருக்கும் மியுல்லருக்கும் அது தாராளம். சிவஞானசுந்தரம் என்ற பெயர் மட்டும் ரோமன் எழுத்தில் 17 எழுத்து. கெட்ட எண்ணத்தில் யாரும் அளவைக் குறைக்கவில்லை. அளவு போட்ட அன்று அந்த மேசையில் எங்கட பெயர்க்காரர் ஒருவரும் இருக்கவில்லை, அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால் இப்படியான பதிலும் வரும். அதுவும் தெரியவேண்டியதுதான்.

1980களின் தொடக்கத்தில் இருபது வயதில் வேலை தொடங்கியவர்கள் இப்போது 65ஐத் தொடுகிறார்கள். பிரியாவிடையில் கேக் வெட்டி, கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு கூப்பிட்டால் எல்லாரும் வருவார்கள் என்றில்லை. அதனால் மூன்று கேள்விகளைக் கையில் வைத்திருங்கள். இந்தப் பகுதி ஏன் இருக்கிறது? எந்தச் சட்டத்துக்காக, எந்த ஆளுக்காக எழுதினீர்கள்? இதை எடுத்தால் முதலில் எது உடையும்? பதிலைத் திகதியோடு நிரலுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். நிறுவனங்களும் இதை வேலை நேரமாகக் கணக்கில் எடுக்கவேண்டும். கோப்பி குடிக்கிற நேரத்தில் தற்செயலாக நடக்கட்டும் என்று விடக்கூடாது.

நாளைக்கு உங்கள் முறை வரும். 2024 மார்ச் 3ஆம் திகதி மக்கள் வாக்களித்ததால், முதியோருக்கு 13ஆவது மாத ஆஹாஃபவ் ஓய்வூதியம் 2026 டிசம்பரில் தொடங்குகிறது. எங்கோ ஒரு நிரலில், டிசம்பரில் மட்டும் கூடுதலாக ஒரு தொகையைச் சேர்க்கும் வரியை யாரோ எழுதவேண்டும். அது உங்களில் ஒருவராகவும் இருக்கலாம். 2056இல் அதைத் திறக்கிற பிள்ளை உங்களைத் தேடி அலையவேண்டாம். அந்த வாக்கெடுப்பின் திகதியையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.