முடியாது என்று சொன்னவர்கள்

ஊட்டியில் ஒரு இலக்கியக் கூட்டம். சரித்திர நாவல்களில் வரும் ஏற்றத்தாழ்வுக் காதலைப் பற்றிப் பேசியவர் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கிப் போட்டார். ராஜகுமாரன் மேல் ஓடக்காரப் பெண் ஆசைப்படுவதும் சிற்பியின் மகளைப் பட்டத்து இளவரசன் காதலிப்பதும் அந்தக் காலத்தில் நடந்திருக்கவே முடியாத காரியம். இன்றைய ஆசைக்கு அன்றைய பட்டை உடுத்திவிடுகிறார்கள். படிக்கிற பெண்களின் மனசு கெடுகிறது. மேலே இருந்தவன் செய்த அக்கிரமம் காதல் என்ற பெயரில் மறைகிறது. கடைசியில் எல்லாம் கல்யாணத்தில் சுபமாக முடிந்துவிடுகிறது. பாதிக் கூட்டம் தலையாட்டியது. நன்றாகப் படித்தவர்களே இதைச் சொல்லி நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். சோலூர் திரும்பும் கடைசி பஸ்ஸில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டு வந்தேன். அவர் சொன்னதில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நான் தலை வணங்குவேன். அதைக் கடைசிக்குச் சற்று முன்பு சொல்கிறேன்.

முதலில், ‘நடந்திருக்கவே முடியாது’ என்பது.

தொல்காப்பியம் காதலர்களுக்குள் இருக்க வேண்டிய ஒப்புமைகள் என்று பத்தை அடுக்குகிறது. பிறப்பும் குடியும் பட்டியலின் தலையிலேயே வருகின்றன. அடியவர்களும் ஏவல் செய்பவர்களும் ஐந்திணைக் காதலுக்கு வெளியே நிறுத்தப்படுகிறார்கள். இதைக் காட்டி, ‘பார்த்தீர்களா, ஒத்த குடிக்குள்தான் காதல்’ என்பார்கள். யாருமே தாண்டாத இடத்தில் எதற்கு வேலி? இலக்கணம் எழுதியவர் இத்தனை கவனமாகக் கோடு கிழித்திருக்கிறார் என்றால், கோட்டை மிதித்த கால்களை அவர் பார்த்திருக்கிறார்.

அந்தக் கால்கள் யாருடையவை என்று நாட்டுப்புறக் கதைப்பாடல்கள் சொல்லும். பொம்மியைத் தூக்கிப் போன மதுரைவீரன், ஆரியமாலைக்காகக் கழுவேறிய காத்தவராயன். நெல்லைச் சீமையின் முத்துப்பட்டன் கதை எனக்கு எல்லாவற்றிலும் மேலானது, நா. வானமாமலை அதைப் பதிப்பித்துக் கொடுத்திருக்கிறார். பிராமணனான முத்துப்பட்டன் பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் குலத்துச் சகோதரிகளைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறான். பெண்களின் தகப்பன் வாலப்பகடை கூழைக் கும்பிடு போடவில்லை. நிபந்தனை போடுகிறான். குடுமியை எடு, பூணூலை அறு, எங்களைப்போலச் செருப்புத் தைத்துக் காட்டு. பட்டன் அத்தனையும் செய்கிறான். பிறகு மாட்டுக் கொள்ளையரோடு மோதிச் சாகிறான். பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் அவனுக்கு இன்றும் தோல் செருப்பைத்தான் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். நடக்காத ஒன்றுக்கு ஊர் கூடிச் செருப்புத் தைத்துக் கொண்டுபோய்க் கொடுக்காது.

இந்தக் கதைகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பிராமணக் குழந்தைகள், பகடை எடுத்து வளர்த்தான் என்று பின்னால் சேர்த்தார்கள். மதுரைவீரன் பிறப்பால் காசி ராஜா மகன் என்றார்கள். கல்கிக்கும் கை இங்கேதான் நடுங்கியது. பொன்னியின் செல்வனில் பூமாலை கட்டும் சேந்தன் அமுதன் கடைசியில் சோழ ரத்தமாகிவிடுகிறான். ஓடக்காரப் பூங்குழலி அந்த வழியில் அரசியாகிறாள். இது பலவீனம்தான், மறைக்க மாட்டேன். ஆனால் ஒட்டுப் போட்ட இடத்தைப் பார்த்தாலே துணி எங்கே கிழிந்தது என்று தெரிந்துவிடும். உலகத்தில் இல்லாத காதலுக்கு யாரும் பிறப்பு ரகசியம் தேடி அலையமாட்டார்கள்.

எங்கள் மலையையே எடுத்துக்கொள்ளலாம். ‘இங்கே அவரவர் தங்களுக்குள்தான் கட்டிக்கொண்டார்கள், காதல் கதையெல்லாம் சமவெளிச் சரக்கு’ என்பதும் அன்றைக்குக் கூட்டத்தில் சொல்லப்பட்டது. பாதி சரி. சோலூருக்குப் பக்கத்தில் கொக்கால் இருக்கிறது, மலைக்குடியான கோத்தர்களின் ஏழு ஊர்களில் ஒன்று. அவர்கள் அடித்த இரும்பும் வனைந்த பானையும் படகர்களின் ஊர்களான ஹட்டிகளுக்கு வந்தன. படகர் வீட்டு இழவுக்குக் கோத்தர் வாசித்தார்கள். பதிலுக்குத் தானியம் போனது. எல்லாம் கைமாறிய அந்த வழியில் பெண் எடுப்பதும் கொடுப்பதும் மட்டும் இல்லை. அது வழக்கம்.

ஆனால் இதே மேற்குச் சரிவில், நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவே, வழக்கத்துக்குள் அடங்காத குடும்பங்கள் இருந்தன. மலாயாக் கரையோரக் குடியேற்றங்களில் சிறையில் இடம் போதாமல் சீனக் கைதிகளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார்கள். நீலகிரியில் அடைத்து வைத்தார்கள். தண்டனை முடிந்தும் ஊர் திரும்பாத சிலர் தமிழ்ப் பெண்களோடு குடும்பம் நடத்தினார்கள். அந்தப் பெண்கள் தமிழ்ச் சாதி அடுக்கின் அடியில் வைக்கப்பட்டவர்கள். காய்கறி போட்டார்கள், காப்பி வைத்தார்கள், மாடு வளர்த்துப் பால் விற்றார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் அங்கே போய்ப் பிள்ளைகளின் மூக்கை அளந்து, 1909ல் வந்த ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்ற தொகுதியில் ‘சீன–தமிழ்க் கலப்பு’ என்று எழுதி வைத்தார்.

அந்தப் பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். மூக்கின் அகலம் இருக்கிறது, கண்ணின் சாய்வு இருக்கிறது, தோலின் நிறம் இருக்கிறது. அவன் உடைந்த தமிழில் முதன்முதலாக என்ன கேட்டான், அவள் பால் செம்பை எங்கே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள் என்பதற்கு அந்த ஏட்டில் கட்டமே கிடையாது. அந்தக் கட்டத்தை நிரப்புவதுதான் சரித்திர நாவலின் வேலை. ‘கற்பனை’ என்று அதை ஏளனம் செய்கிறவர்கள் தர்ஸ்டனின் அளவுகோலை மட்டும் உண்மை என்று நம்பச் சொல்கிறார்களா?

பெண்களின் மனசு கெடுகிறது என்பதற்கு அதிகம் மெனக்கெடத் தேவையில்லை. 1740ல் இங்கிலாந்தில் சாமுவேல் ரிச்சர்ட்சன், வேலைக்காரப் பெண் எஜமானனை மணக்கும் ‘பமீலா’வை எழுதினார். அடுத்த வருஷமே ஹென்றி ஃபீல்டிங் அதைக் கிண்டல் செய்து, அவள் வேஷக்காரி என்று ஒரு புத்தகம் போட்டார். கிட்டத்தட்ட முந்நூறு வருஷமாக இதே பேச்சு. அன்று லண்டனில் கெட்டுப்போகாத உலகம் இன்று சோலூரில் கெட்டுவிடாது.

இனி, நான் தலை வணங்கும் குற்றச்சாட்டு. அதிகாரத்தைக் காதல் என்று காட்டுகிறார்கள் என்பது.

தேயிலை மலையில் இருந்துகொண்டு இதை மறுத்தால் நாக்கு அழுகிவிடும். துரையின் பங்களாவும் லைன் வீடும் ஒரே சரிவில் இருந்த காலத்தில், கொழுந்து பறிக்கிற பெண்ணின் பேரைச் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் எழுதுவதும் அடிப்பதும் அவன் கையில் இருந்தது. அவன் சிரித்தால் அவள் சிரித்துத்தான் ஆக வேண்டும். வடக்கே கலிம்போங்கில் பாதிரியார் ஜான் கிரஹாம் 1900ல் தொடங்கிய இல்லம், தோட்டத் துரைமாருக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளுக்காகத்தான். ஒரு பள்ளிக்கூடமே கட்ட வேண்டியிருந்தது என்றால் எத்தனை தகப்பன்கள் நழுவியிருக்க வேண்டும்! பனி மூட்டமும் பங்களாவும் குதிரையுமாக இந்த உறவைக் காதல் ஓவியமாகத் தீட்டும் நாவலை நானும் மூடி வைத்துவிடுவேன். பமீலாகூட எனக்கு உவப்பில்லை. அவள் ‘முடியாது’ என்று எத்தனையோ முறை சொல்கிறாள், ஆனால் பூட்டிய வீட்டுக்குள் நின்று சொல்கிறாள். சாவி எஜமானனிடம் இருக்கிறது.

அதற்காக இந்த நாவல் வகையையே கொளுத்திவிடலாமா? களையைப் பிடுங்கும்போது கொழுந்தையும் சேர்த்தா பிடுங்குவார்கள்? என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது: கீழே இருப்பவர் மறுக்க முடியுமா? மறுத்துவிட்டு நடந்து போக முடியுமா? முடியும் என்றால் அது காதல் கதை. வாலப்பகடை நிபந்தனை போட்டானே, அங்கே மறுக்க முடிந்தது. நடுவட்டத்துச் சீனனிடம் அதிகாரமும் இல்லை, செக்ரோலும் இல்லை. அவனை வேண்டாம் என்று சொல்ல அந்தப் பெண் யாருக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

இந்தக் கேள்வியை நான் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை, இந்த மலையிலிருந்து எடுத்தேன். படகர்கள் மலையேறி வந்த கதையைப் பல விதமாகச் சொல்வார்கள். அதில் ஒன்று: மைசூர்ப் பக்கத்தை ஆண்டவன் ஒருவன் அவர்கள் வீட்டுப் பெண்ணின் மேல் ஆசை வைத்தான். அரசன் கேட்டுவிட்டான், மறுத்தால் தலை போகும், கொடுக்கவோ மனமில்லை. வீடு, வயல் எல்லாவற்றையும் விட்டு இங்கே ஏறி வந்துவிட்டார்கள். சரித்திரம் இதை எவ்வளவு ஒப்புக்கொள்ளும் என்பது வேறு. ஒரு சமூகம் தன் பிறப்பையே ‘முடியாது’ என்ற ஒரு சொல்லில் தொடங்கி நினைவில் வைத்திருக்கிறது. அரசன் ஏழைப் பெண்ணை விரும்புகிற கதையை அந்தப் பெண் வீட்டார் சொன்னால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

கல்யாணத்தில் முடிகிறது என்ற கடைசிப் புகாரைச் சொன்னவர் சிவகாமியின் சபதத்தைப் படிக்கவில்லை என்றே நினைக்கிறேன். கல்கி 1944 முதல் தொடராக எழுதியது. சிறைப்பட்ட சிவகாமியை மீட்க மாமல்லன் மாறுவேடத்தில் வாதாபிக்கே வருகிறான். வா, போய்விடலாம் என்று கெஞ்சுகிறான். சிற்பி ஆயனரின் மகள் பல்லவ குலத்து வாரிசிடம் மறுத்துவிடுகிறாள். இந்த நகரம் எரிந்த பிறகுதான் வருவேன் என்கிறாள். நகரம் எரிகிறது. ஆனால் அதற்குள் அவன் பாண்டிய இளவரசியை மணந்துவிட்டான். சிவகாமி ஏகாம்பரநாதருக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கிறாள். இதில் சுபம் எங்கே இருக்கிறது?

அந்த நாவலின் பைண்டு என்னிடம் இருக்கிறது. பத்திரிகையில் வந்த பக்கங்களைக் கிழித்து அம்மா ஊசி நூலால் தைத்துச் சேர்த்தது. பக்கத்து வீட்டு அக்கா கொழுந்துக்குப் போகிறவர். போன மழைக்காலத்தில் வாங்கிப்போய் இரண்டு மாதம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். ஓரமெல்லாம் கறுப்பு ரேகை, அவருடைய பெருவிரல்.

“கறை போக மாட்டேங்குது டீச்சர். புளி போட்டுத் தேச்சுட்டுத்தான் தொட்டேன்.”

பரவாயில்லை என்று சொல்லிப் புரட்டினேன். வாதாபிப் பக்கத்தில் ரேகை மேல் ரேகையாக அப்பியிருந்தது, எழுத்தே மங்கும் அளவுக்கு. எத்தனை தடவை அக்கா என்று கேட்டேன்.

“தெரியல டீச்சர். நானா இருந்தா அவன் கூப்பிட்டப்பவே கிளம்பி வந்திருப்பேன்னு தோணுச்சு.” வாசலில் வைத்திருந்த கூடையின் வாரை நெற்றியில் மாட்டிக்கொண்டார். இரண்டு எட்டு வைத்தவர் நின்று திரும்பினார். “அப்புறம் இன்னொரு வாட்டி படிச்சேன். வந்திருக்க மாட்டேன்.”