மாற்றுக் குறைந்த பொன்

திருநாவலூரில் பிறந்த சுந்தரருக்குத் திருமுதுகுன்றத்து இறைவன் 12,000 பொன் தந்த கதையைப் பெரியபுராணம் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பொன்னை மணிமுத்தாற்றில் இட்டு, ஆரூர்க் கமலாலயத்தில் எடுத்துக்கொள்கிறார். அற்புதத்தைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. எனக்கு எப்போதும் வியப்பளிப்பது அதிலுள்ள முன்னெச்சரிக்கைதான். ஆற்றில் இடுமுன் அந்தப் பொன்னில் ஒரு துணுக்கை மச்சமாக வெட்டிக் கையில் வைத்துக்கொள்கிறார். ஆரூரில் எடுத்ததை அதனோடு உரைத்துப் பார்க்கையில் மாற்றுக் குறைந்திருக்கிறது. எண்ணிக்கை அதேதான், தரம் தாழ்ந்துவிட்டது. பணவீக்கத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் பொருளியல் நூல்களில் கண்டதில்லை. மீண்டும் பதிகம் பாடி மாற்றை உயர்த்திக்கொள்ள அவரால் முடிந்தது.

மனை வாங்கிப் போட்டிருக்கும் நம்மவர்கள் கையில் மச்சம் இல்லை. ‘ஒரு லட்சத்துக்கு வாங்கினேன், நான்கு லட்சத்துக்குப் போயிற்று’ என்னும்போது இரண்டு லட்சங்களும் ஒரே பொன் என்று எண்ணிக்கொள்கிறார்கள். வருமான வரித்துறையின் விலையேற்றக் குறியீட்டெண் ஓர் உரைகல்லாகப் பயன்படும். 2001-02இல் அது 100, 2024-25இல் 363. அதன்படி, அன்று ஒரு லட்சத்துக்கு வாங்கிய மனை 3,63,000 ரூபாய்க்கு விற்றால்தான் போட்ட முதல் திரும்பி வருகிறது. நான்கு லட்சத்துக்கு விற்றவரின் மெய்யான ஆதாயம் இருபத்து மூன்று ஆண்டுகளில் 37,000 ரூபாய். நகர்ப்புற நுகர்வோர் விலையேற்றத்தில் முக்கால் பங்கைக் கருதியே இந்தக் குறியீடு வகுக்கப்படுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த 37,000மும் ஐயத்துக்குரியது.

2024 ஜூலையில் வந்த மாற்றத்தின் கடுமை இங்கேதான் புரிகிறது. முன்பு குறியீட்டைக் கழித்து எஞ்சிய ஆதாயத்தில் 20 விழுக்காடு வரி. நம் எடுத்துக்காட்டில் 7,400 ரூபாய். இப்போது குறியீடு கிடையாது, விகிதம் 12.5. குறைந்துவிட்டதே என்று மகிழ வேண்டாம். மூன்று லட்சத்துக்கும் வரி என்பதால் கட்ட வேண்டியது 37,500 ரூபாய். மெய்யான ஆதாயத்தைவிட வரி பெரிது! எதிர்ப்பு எழுந்த பின், 2024 ஜூலை 23க்கு முன் வாங்கியவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். அதற்குப் பின் வாங்கியவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. சிற்றூர் விளைநிலத்துக்கு இந்த வரியே இல்லை; வயல் மனையானதும் வந்துவிடுகிறது.

வாங்கும்போது முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து பொதுவாக 9 விழுக்காடு போகிறது என்பது தனி. அதைக் கணக்கிடும் வழிகாட்டி மதிப்பை அரசு 2017இல் 33 விழுக்காடு குறைத்தது. 2023இல் பழைய நிலைக்கே கொண்டுவந்தது. நிலம் அசையவில்லை, காகிதத்தில் மதிப்பு இறங்கி ஏறியது.

பணவீக்கம் வேறு, வீங்கிய விலை வேறு. முன்னது நாடு முழுவதும் பரவும் காய்ச்சல். பின்னது ஓரிடத்துக் கட்டி. சென்னை-திருச்சிச் சாலை நான்குவழியானது. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2023இல் தைவானின் பௌ சென் குழுமம் 2,302 கோடி ரூபாயில் காலணித் தொழிற்சாலை அமைக்க ஒப்பந்தம் செய்தது. இப்படி ஒவ்வொரு செய்தி வரும்போதும், நாளை வரக்கூடிய பலனை இன்றே விலையில் ஏற்றிவிடுகிறார்கள். அந்த விலைக்கு வாங்குபவர் பணவீக்கத்துக்குத் தப்பி ஓடுவதாக எண்ணிக்கொண்டு, இன்னொருவருடைய ஆசையை விலைக்கு வாங்குகிறார்.

சோழர் காலத்தவர் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள் என்று தோன்றுகிறது. கோயிலில் நந்தாவிளக்கு எரிய அவர்கள் ஆடுகளைக் கொடுத்ததைக் கல்வெட்டுகளில் காண்கிறோம். அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். காசின் மாற்று எப்படிப் போனாலும் நாள்தோறும் அளக்க வேண்டிய நெய் குறையாது. முதலைக் காத்தது அது தந்த விளைவு, அதன் விலை அல்ல. வாடகை வரும் வீட்டுக்கும் விளையும் வயலுக்கும் இந்தத் தன்மை ஓரளவு உண்டு. வேலிக்கல்லும் சீமைக்கருவேலமும் நிற்கும் வெற்றுமனைக்கு இல்லை.

இந்த மாவட்டத்துக் கரும்பையே எடுத்துக்கொள்வோம். மத்திய அரசு அறிவிக்கும் நியாய ஆதாய விலை 2009-10இல் டன்னுக்கு 1,298 ரூபாய்; 2024-25இல் 3,400. ஏறக்குறைய 2.6 மடங்கு. அதே காலத்தில் மேற்சொன்ன குறியீடு 148இலிருந்து 363க்கு, சுமார் 2.45 மடங்கு ஏறியிருக்கிறது. அதாவது கரும்பு விலை பணவீக்கத்தோடு தட்டுத்தடுமாறிக் கூடவே நடந்திருக்கிறது, அவ்வளவுதான். பக்கத்து வயல் இதைவிட வேகமாக ஏறுமானால், அந்த வேற்றுமையை எந்த விளைச்சலும் அடைக்காது. கரும்பு வெட்டிய பணத்தில் அண்டை நிலத்தை வாங்கிச் சேர்த்துக்கொள்வது ஒரு காலத்தில் உழவர் கனவு. இன்று அதே உழவர் விற்கும் பக்கத்தில் மட்டுமே நிற்க முடிகிறது. விற்ற பணம் வங்கியில் கிடந்து மாற்றுக் குறைகிறது. மறுபடி ஒரு ஏக்கர் வாங்கலாம் என்று அவர் விசாரிக்கும்போது, விலை சதுர அடிக் கணக்கில் சொல்லப்படுகிறது.