கோபத்துக்கும் சாதி உண்டா?

2018 நவம்பர் 19 அன்று தருமபுரி பேருந்து எரிப்பு வழக்கின் ஆயுள் கைதிகள் மூவரைத் தமிழக அரசு விடுதலை செய்தது. கஜா புயல் அடித்து ஓய்ந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. முறிந்த மரங்களுக்கும் மின்சாரம் இல்லாத இரவுகளுக்கும் நடுவிலும் திண்டுக்கல் பேருந்து நிலையத்து டீக்கடைகளில் அதைப் பேசாதவர் இல்லை. "பெத்தவங்க வயிறு எரியாதா?" என்று முன்பின் தெரியாதவர்கள்கூடக் கொதித்தார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து கல்விச் சுற்றுலா வந்த மாணவிகள் மூவர் 2000 பிப்ரவரி 2 அன்று பேருந்தோடு எரிந்து செத்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அதில் ஒரு துளியையும் நாம் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் இன்னொரு பேருந்தும் உண்டு.

1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார், மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன். தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் போட்டியிட்டு வென்றதுதான் அவர் செய்த குற்றம். பட்டப்பகலில் பேருந்தை மறித்து அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிச் சாய்த்தார்கள். அவருடைய தலையைத் துண்டித்துக் கிணற்றில் வீசினார்கள். 17 பேர் ஆயுள் தண்டனை பெற்றார்கள். அவர்களில் மூவரை அண்ணா நூற்றாண்டைச் சொல்லி 2008இல் விடுவித்தார்கள். 2019 நவம்பரில் 13 பேரை, தருமபுரிக் கைதிகளுக்குத் திறந்த அதே எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக் கதவு வழியாக வெளியே விட்டார்கள்.

அன்று நம் டீக்கடைகளில் யார் வயிறு எரிந்தது? தலித் அமைப்புகளும் இடதுசாரிகளும் தெருவில் நின்றார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அரசைக் கேள்வி கேட்டது. மற்றவர்களுக்கு அது 'அவங்க பிரச்சினை'. நத்தத்தைத் தாண்டினால் மேலூர் வட்டம். 1985இல் திண்டுக்கல் தனி மாவட்டம் ஆகும்வரை நாமும் மேலவளவும் ஒரே மதுரை மாவட்டம். பக்கத்து ஊர்ச் சாவு நமக்கு இவ்வளவு தூரமானதற்கு, செத்தவர்களின் சாதியைத் தவிர வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம்.

2022 ஆகஸ்ட் 15 அன்று பில்கிஸ் பானு வழக்கின் 11 குற்றவாளிகளைக் குஜராத் அரசு விடுவித்து, அவர்களுக்கு மாலை விழுந்தபோது தமிழ்நாட்டில் பலர் சரியாகவே சீறினார்கள். 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தபோது மகிழ்ந்தார்கள். குஜராத்துக்குச் சீறத் தெரிந்த அதே வாய்கள் மேலூருக்கு மூடியிருந்ததை எப்படி மன்னிப்பது? எதிர்ப்பக்கமும் இதே கதைதான். கோவைக் குண்டுவெடிப்பு வழக்குகளின் முஸ்லிம் கைதிகளுக்கு முன்விடுதலை என்ற பேச்சு எழுந்த மறுநிமிடமே நாடு அழிந்துவிடும் என்று கூச்சலிடுகிறவர்கள், மேலவளவுக் குற்றவாளிகள் வீடு திரும்பியபோது பொதுமக்கள் பாதுகாப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பில் 58 உயிர்கள் போயின; அந்தக் குடும்பங்களின் வலி உண்மை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு பேசுகிறவர்களுக்குத்தான் முருகேசனின் வீட்டு வலி கண்ணில் படவில்லை.

சிறையில் திருந்தியவன் வெளியே வரக் கூடாது என்பது நம் வாதமல்ல. நன்னடத்தை, வயது, நோய் ஆகியவற்றைப் பார்த்து விடுவிக்கலாம். ஆனால் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். தலைவர்களின் பிறந்தநாளுக்கு இனிப்பு வழங்குவதுபோல ஆயுள் தண்டனையைக் கரைப்பதும், ஏன் விட்டோம் என்று செத்தவர் குடும்பத்திடம் ஒரு வார்த்தை சொல்லாததும் அரசுக்கு அழகல்ல. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம். ஜாமீன், விடுதலை, பரோல் குறித்த நீதிமன்ற நடவடிக்கைகளில் பாதிக்கப்பட்டவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15-ஏ பிரிவு சொல்கிறது. நீதிமன்றத்தில் கிடைக்கும் அந்த உரிமை தலைமைச் செயலகத்துக் கோப்பின் முன்னால் ஏன் செத்துப்போகிறது?

மேலவளவுக் கைதிகள் ஒவ்வொருவரையும் எந்தக் காரணத்துக்காக விட்டார்கள் என்பதை அரசு சட்டப்பேரவையில் வைக்க வேண்டும். சாதிக் கொலையில் தண்டனை பெற்றவரின் முன்விடுதலைக் கோப்பு, குடும்பத்தாரின் எழுத்துப்பூர்வமான கருத்து இல்லாமல் நகரக் கூடாது என்று விதி செய்ய வேண்டும். அடுத்த அண்ணா பிறந்தநாள் பட்டியல் தயாராகும் முன்பே இது நடந்தாக வேண்டும். அந்தப் பட்டியல் வரும் நாளில், திண்டுக்கல் மக்களே, கைதியின் பெயரையும் செத்தவரின் தெருவையும் பார்க்காமல் குற்றத்தைப் பார்த்துக் கோபப்படுங்கள்.