செஞ்சிக் கோட்டைப் படங்களும் சில்லின் வேகமும்

மராட்டியரின் போர்த்துறை நிலப்பரப்புகள் என்னும் தொகுதியைச் சேர்ந்த 12 கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சிக் கோட்டை 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. ஏனைய பதினொன்றும் மகாராஷ்டிரத்தில் உள்ளன, தமிழ்நாட்டிலுள்ளது இஃதொன்றே. இப்போது இராஜகிரி ஏறுவோர் கையில் தண்ணீர்ப் பாத்திரம் இருக்கிறதோ இல்லையோ, வீடியோ எடுக்கும் கைப்பேசி தவறாது இருக்கின்றது. நம் மாணவரும் இதற்கு விலக்கல்லர். கல்யாண மஹால், நெற்களஞ்சியம், ஆனைக்குளம், வேங்கடரமணர் ஆலயம் ஆகிய அனைத்தையும் படம்பிடித்து வந்து வீட்டுக் கணினியின் முன் அமர்ந்த பின்னரே சங்கடம் தொடங்குகின்றது. 4கே அளவில் எடுத்த படம், நன்கு சுருக்கி எழுதும் கைப்பேசியிலும், நிமிடத்திற்கு ஏறத்தாழ 170 எம்.பி. இடத்தை விழுங்கும். ஒரு மணி நேரப் படமாயின் பத்து ஜி.பி. ஆகும். இதனை அப்படியே பிறர்க்கு அனுப்புதல் இயலாது. சுருக்கி மாற்றியாக வேண்டும்.

மாற்றுதற்கு வழி இரண்டு உள. எக்ஸ்264 போன்றதொரு மென்பொருளைக் கணினியின் பொது மூளையாகிய சி.பி.யு.வில் ஓட்டிச் செய்வது ஒன்று. இவ்வேலைக்கென்றே சில்லினுள் செதுக்கப்பட்ட தனிச் சுற்றினிடம் ஒப்புவிப்பது மற்றொன்று. இன்டெல் நிறுவனத்தாரின் குயிக் சிங்க் 2011லும், என்விடியா நிறுவனத்தாரின் என்வென்க் 2012லும் வெளிவந்தன. ஹேண்ட்பிரேக் என்னும் இலவசச் செயலியில் இவ்விரு வழிகளும் உண்டு. சில்லு சில நிமிடங்களில் முடிப்பதை, மென்பொருள் அதன் மெதுவான ஒழுங்கில் இரவு முழுதும் செய்துகொண்டிருத்தல் கூடும். இதைக் கண்ட இளைஞர் பலர், மென்பொருள் வழி பழையோர் வழி என்று தள்ளிவிடுகின்றனர். அஃது அவசரத் தீர்ப்பென்பது எமது கருத்து.

கடிகாரத்தை மட்டும் பார்த்து இவ்விரண்டையும் ஒப்பிடுதல் முறையன்று. படத்தைச் சுருக்குவதென்பது யாது? ஒவ்வொரு சட்டத்தையும் சிறு சிறு சதுரங்களாகப் பகுத்து, இச்சதுரம் முந்திய சட்டத்தில் எங்கிருந்தது என்று தேடி, கிடைப்பின் இடப்பெயர்ச்சியை மட்டும் குறித்துக்கொண்டு, எஞ்சிய வேற்றுமையை எழுதுவதே ஆகும். எத்துணைத் தொலைவு தேடுவது, சதுரத்தை எங்ஙனம் பிளப்பது, எவ்விடத்தில் பிட்டுகளைச் சிக்கனம் செய்வது என்பவற்றையெல்லாம் 2003இல் வகுக்கப்பட்ட எச்.264 விதி கட்டளையிடுவதில்லை. எழுதியதை எவ்வாறு படிப்பது என்பதையே அது வரையறுக்கும். ஆகவே ஒரே பெயருடைய இரு கோப்புகள் தரத்தில் மலைக்கும் மடுவுக்குமாக இருத்தல் கூடும். மென்பொருள் பரக்கத் தேடும். வரவிருக்கும் பல சட்டங்களை முன்கூட்டியே நோக்கி எங்கே செலவிடலாம் எனத் திட்டமிடும். சில்லோ தனக்கு விதித்த எல்லைக்குள் தேடிக் கிடைத்ததை எழுதிவிட்டு மேற்செல்லும். அதன் வேகத்தின் பெரும்பங்கு இச்சுருங்கிய தேடலினின்று வருவதே.

வகுப்பறையில் ஆசிரியர் அசையாச் சுவரின்முன் நின்று பேசும் படத்தில் இவ்வேற்றுமை கண்ணுக்குப் புலனாகாது. செஞ்சியிலோ நிலைமை வேறு. குவிந்து கிடக்கும் கருங்கற் பாறைகளின் சொரசொரப்பு, இடையிடையே காற்றிலாடும் காய்ந்த புல், முட்புதர், மரக்கிளையில் தாவும் குரங்கு ஆகியவை ஒரே காட்சியில் அடங்கும். அவற்றுடன் படம் எடுப்பவர் கையும் ஆடுமன்றோ! குறைந்த பிட் ரேட்டில் இக்காட்சியைச் சில்லினிடம் கொடுத்தால் புல்வெளி பச்சைச் சாந்து மெழுகினாற்போல் ஆகிவிடும். அதே தரம் வேண்டின் கோப்பு பருக்கும்.

பருத்தாலென்ன என்பீர். மாற்றுவது ஒருமுறை, காண்பதோ பன்முறை. நம் இரவு மீந்த நேரம், இணையத்திற்கு நாட்கணக்கு வைத்துப் பணங்கட்டும் நூறு பேருடைய டேட்டாவிலிருந்து வசூலிக்கப்படுகின்றது.

சில்லின் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். மின்சாரம் குறைவாகச் செல்லும். சித்திரை வெயிலில் கணினி கொதிக்காது. விழாவை நேரலையாக அனுப்புவோர்க்கு, படம் ஓடும்போதே வேலையும் முடிந்தாகவேண்டும். 2018க்குப் பின் வந்த சில்லுகள், எக்ஸ்264இன் மெதுவான ஒழுங்குகளை எட்டாவிடினும், விரைவான ஒழுங்குகளுக்கு இணையாக நிற்கும் அளவு தேறியுள்ளன. யூடியூப் நிறுவனமே தனக்கென ஒரு சில்லைச் செய்து கொண்டதாக 2021இல் வெளியிட்டது. ஆயின் நிமிடந்தோறும் பலநூறு மணி நேரப் படங்கள் வந்து குவியும் இடம் அது. ஆண்டிற்கொரு கோட்டைப் படம் செய்யும் நமக்கு அக்கணக்கு பொருந்துமா?

1690 முதல் 1698 வரை முகலாயர் படை செஞ்சியை முற்றுகையிட்டிருந்தது. அத்துணைக்காலம் தாக்குப்பிடித்த கோட்டையின் களஞ்சியத்தை உள்ளே சென்று கண்டோர், அதன் சுவர்க் கனத்தை மறவார். அன்றிரவு உண்ணும் நெல்லுக்கு அச்சுவர் வேண்டியதில்லை. நண்பர்க்கு இன்றே அனுப்பி நாளை மறக்கும் படத்தைச் சில்லினிடமே விடுக. கல்லூரி நூலகத்தில் வைத்து இருபது ஆண்டு கழித்துப் பழைய மாணவர் காணவேண்டிய படத்தை மென்பொருளிடம் தருக. அப்போதும் கைப்பேசி எழுதிய மூலத்தை அழித்தல் ஆகாது. எவ்வழியாயினும் மாற்றத்தில் சிறிது இழப்பு நேர்ந்தே தீரும். முன்னும் பின்னும் நறுக்குவது மட்டுமே தேவையாயின், மறுபடி சுருக்காமலே வெட்டித் தரும் வசதி எப்.எப்.எம்பெக் செயலியில் உண்டு. அஃது இரு வழியினும் விரைந்தது. இதனை அறியாது மணிக்கணக்காய்க் காத்திருப்போர் பலர்.

ஐயமுடையோர், புல்லும் பாறையும் கூடிய ஒரு நிமிடத் துண்டை எடுத்து, இரு வழியாலும் ஒரே எம்.பி. அளவிற்குச் சுருக்கி, அகன்ற திரையில் அடுத்தடுத்து ஓட்டிப் பார்க்கலாம். பாறையை நோக்க வேண்டா. அதனடியில் அசையும் புல்லை நோக்குக.